கோட்டுக்குக் கீழே

எங்கள் சுகாதார அலுவலகத்தில்
மனிதர்கள் எல்லாரும் பின்னம்தான்.
கோட்டுக்கு மேலே வந்தவர்கள்,
கீழே வரவேண்டியவர்கள்.

ஜுராசியின் வட்டாரம்: நூற்றுக்கு எண்பத்தொன்று.
இயக்குநர் எல்லாருக்கும் காப்பி வாங்கினார்.
அவள் மட்டும் குடிக்கவில்லை.

பெலேம் நகரத்து ஓடைமேல்
மரக்கால் ஊன்றி நிற்கும் வீடுகளில்
நூற்றைம்பது கதவு அவள் பொறுப்பு.
"கடைசி ஏழு வீடு
உங்கள் கோட்டுக்குக் கீழேகூட இல்லை" என்றாள்.

மறுநாள் கூட்டிப்போனாள்.
மதிய மழை. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.
பலகைப் பாதை பாதியில் அறுந்து,
அடியில் கறுத்த நீர்,
ஒரு பிளாஸ்டிக் செருப்பு சுற்றிச் சுற்றி.
அந்தப் பக்கம் தோனா ஒதீலியா
ஆறாத கால்புண்ணோடு வாசலில் உட்கார்ந்து கத்தினாள்:
"மாத்திரை இருக்கட்டும்,
ஆணி கொண்டுவந்தாயா?"

ஜுராசியின் பையில்
ரத்த அழுத்தக் கருவிக்கு அடியில்
அரைக் கிலோ ஆணி.

நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.
இரண்டு முறை என் கட்டைவிரலையும் சேர்த்து அடித்தாள்.

மாதக் கடைசியில் விகிதம்
எழுபத்தேழுக்கு இறங்கியது.
யார் குறைந்தார்கள் என்றார் இயக்குநர்.
ஏழு வீடு கூடியிருக்கிறது என்றேன்.

அன்றைக்குக் காப்பியை
நானே வாங்கிக்கொண்டேன்,
இடது கையால்.