வாடகைக் குதிரை

மெய்மியோவில் என் கடை பத்தடிக்கு எட்டடி.
புத்தகம் வாடகைக்கு.
கிழித்தால் அபராதம், மழையில் நனைத்தால் பாதி விலை.
சோறு போடுவது காதல் நாவல்கள்;
படப் புத்தகங்கள் கீழ்த்தட்டில், முழங்கால் உயரத்தில்,
மூக்கு ஒழுகுகிறவர்களுக்காக.

அதில் ஒன்று குதிரைப் புத்தகம்.
அட்டை போய்விட்டது. சிமென்ட் பையை வெட்டி
நான்தான் புது அட்டை ஒட்டினேன்.
எந்த நாட்டில் அச்சானதோ,
எழுத்து எனக்கும் விளங்கவில்லை.
ஒரு சாம்பல் குதிரை, ஒரு வேலி, ஓடை,
பனி கொட்டுகிற ஒரு பக்கம்,
கடைசியில் லாயம், அதில் ஒரு விளக்கு.

இந்த ஊரில் குதிரைக்கா பஞ்சம்?
மணிக்கூண்டடியில் வரிசையாய் வண்டிகள் நிற்கும்,
மிட்டாய்ப் பெட்டிபோல் சிவப்பும் பச்சையும் அடித்து.
காலையில் லத்தியைத் தாண்டித்தான்
நான் கடைப்பூட்டைத் தொட முடியும்.
அதனால்தான் கேட்டேன்,
வண்டிக்கார உடையப்பன் மகள் பேச்சியாயி
பன்னிரண்டாம் தடவையும் அதையே எடுத்தபோது:
"வீட்டுலயே ஒண்ணு நிக்குதே புள்ள,
அதப் பாத்தா காசு மிச்சமில்லையா?"
வியாபாரி பேசுகிற பேச்சா அது?

பள்ளிக்கூடத்துப் பச்சைக் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு
அவள் சொன்னாள்:
"நம்ம குதிரைக்குக் கண்ணுல பட்டை.
அது ரோட்டத்தான் பாக்கும்.
ராத்திரி பட்டைய அவுத்தா
லாயத்துல வெளிச்சம் இல்ல."
எட்டாம் பக்கத்தை விரித்தாள்.
"இது என்னையப் பாக்குது."

வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி
அந்தச் சாம்பல் குதிரை பார்த்தது.
வரைந்தவனுக்குக் குதிரை தெரியாது என்பதும்
அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
பின்னங்கால் இப்படி மடங்காதாம்.
லாடம் இல்லாமல் ஓடையில் இறங்கினால் கல் குத்துமாம்.
வயிறு இவ்வளவு பெரிதென்றால் சினையாம்.
"ஆனா கண்ணு சரியா இருக்கு" என்றாள்,
தராசு பார்க்கிறவள் மாதிரி.

மியின் என்றால் பர்மியத்தில் குதிரை.
அதையே கொஞ்சம் தாழ்த்திச் சொன்னால், பார்ப்பது.
தொண்டையில் ஒரு மயிரிழை வித்தியாசம்.
நாற்பது வருஷமாய் இரண்டையும் சொல்லுகிறேன்,
ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில்லை.

அந்தத் தடவை புத்தகம் நான்கு நாள் தாமதமாய் வந்தது.
பதினொன்றாம் பக்கத்தில்
ஒரு பையன் குதிரைமேல் போவான்,
தோல்வாரும் கடிவாளமும் கையில்.
அவற்றை ரப்பரால் அழித்திருந்தாள்.
மட்டக் காகிதம், தாங்கவில்லை.
குதிரையின் வாய் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை,
ஓட்டைக்குள் அடுத்த தாளின் பனி.

முந்நூறு கியாட் என்று சீட்டு எழுதினேன்.
சாயங்காலம் உடையப்பனே வந்தான்,
சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு,
மகளை முன்னால் விட்டு.
காசை எண்ணி வைத்துவிட்டு, "எங்க, காட்டுங்க."
நெடுநேரம் பார்த்தான்.
திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.
"லாரி வந்தா மிரளுமே" என்றான்,
படத்தில் லாரி எங்கே இருக்கிறது?
"கடிவாளம் இல்லாம இந்தப் பையன் எப்படி உக்காருவான்?
விழுந்து கையக் கால ஒடச்சுக்குவான்."

"பிடரியப் புடிச்சுக்குவான்ப்பா."

உடையப்பன் யோசித்தான்.
"புடிக்கலாம்" என்றான் கடைசியில்.
"குதிரைக்கு அவனப் புடிச்சிருந்தா."

இருவரும் போனார்கள். வெளியே வண்டி மணி கேட்டது.
எனக்கென்னவோ எழுந்து போய்
அந்தப் பட்டைக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றியது.
போவதற்குள் வண்டி திருப்பத்தில் மறைந்தது.

புத்தகம் கீழ்த்தட்டிலேயே இருக்கிறது.
ஓட்டையை நான் ஒட்டவில்லை.
பசை தீர்ந்துவிட்டது என்று
வைத்துக்கொள்ளுங்கள்.