செல்லரித்த பக்கம்

மூன்றாண்டு வரியில்லை என்றார்கள்.
வாயிலைத் திறந்துவிட்டோம்.

புது அரசர் அமர்ந்த அன்று
கோவேறு கழுதைக்கார மியாவுக்கு
ஆண் பிள்ளை.
புது ஆண்டின் பெயரிட்டு
ஏட்டில் ஏற்றியவன் நான்.
கை நடுங்கவில்லை;
மைதான் குளிரில் பாதி உறைந்திருந்தது.

நாற்பத்தொரு நாள்.

பிறகு வடக்கிலிருந்து வேறு குதிரைகள்,
வேறு ஆண்டு.
அழிக்கச் சொன்னார்கள்.
தாள் கிழியும்வரை சுரண்டினேன்.
ஆண்டோடு பையனும் போனான்.

பதினாறு நிரம்பியவரெல்லாம்
மதிலுக்கு மண் சுமக்க வேண்டுமாம் இப்போது.
பெயர் பெயராய் வாசிக்கிறேன்.
வெளியே
கழுதைக்குத் தண்ணீர் காட்டியபடி
சீட்டியடிக்கிறான் மியாவ் யுன்சி.

அதிகாரி ஓட்டையில் விரல் நுழைத்துக் கேட்கிறார்:
“செல்லரித்ததோ?”

“ஆமாம் ஐயா.
இந்த ஊரில்
செல் அதிகம்.”