கூப்பனின் பின்பக்கம்

பதினொரு வருடமாக நான் ஓர் ஓட்டையைச் சேகரிக்கிறேன்.
மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு.
'டேப் அண்ட் கீ' பத்திரிகை, எண்பத்து நான்கு நவம்பர்,
அறுபத்தேழாம் பக்கம், கீழே, பின் அடித்த ஓரம்.

அந்த இதழ் என்னிடம் பதினான்கு பிரதி.
பதினான்கிலும் அந்தத் துண்டு மட்டும் இல்லை.

மற்றதெல்லாம் உண்டு.
லான்டர்ன் நைன் கேசட்டின் இரண்டு அச்சும்
(முதல் அச்சில் சுரங்கக்காரனுக்கு மீசை, இரண்டாவதில் மழித்துவிட்டார்கள்),
கிளாஸ்கோ கடை ஜன்னலில் நின்று
வெயிலில் நீலம் பாரித்த அட்டை ஆள்,
ஒரு ஸ்பானிஷ் விளம்பரம். அதில் அவனுக்கு ஏனோ
கழுதை ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.
விளையாட்டில் கழுதையே கிடையாது.
எத்தனை பிள்ளைகள் தேடி அலைந்தார்களோ.

பகலில் டண்டி டெப்போவில் பஸ் கியர்பாக்ஸ் பிரிக்கிறேன்.
இரவில் நகக்கண்ணில் கிரீஸ் போயிற்றா என்று
விளக்கடியில் பார்த்துவிட்டுத்தான் உறையைத் திறப்பேன்.
"என்னைத் தொடவும் இப்படிக் கழுவியிருக்கலாம்"
என்பாள் மோர்வென்.

ஓட்டைக்கு முன்பக்கம் விளம்பரம்:
ஐந்து பவுன் தொண்ணூற்றைந்து, கூப்பனை வெட்டி அனுப்பவும்.
ஓட்டைக்குப் பின்பக்கம் அதே விளையாட்டின் விமர்சனம்.
கடைசிப் பத்தி இப்படிப் போகிறது:
"ஐந்தாம் விளக்குக்குப் பிறகு நான்"
அதற்கப்புறம் என் மேஜையின் மரம் தெரிகிறது.

வேண்டாதவன் பத்திரிகையைக் குப்பையில் போட்டான்.
வேண்டியவன் வெட்டிவிட்டான்.
முழுப் பக்கம் எப்படிக் கிடைக்கும் சொல்லுங்கள்.

போன மார்ச்சில் ஆர்ப்ரோத்தில் செங்கா ராட்ரேயைக் கண்டுபிடித்தேன்.
மீன்வறுவல் கடை மாடியில்
அந்தக் கம்பெனிக்குக் கேசட் பொட்டலம் கட்டியவர்.
சமையலறை மேஜையில் ஒரு செருப்புப் பெட்டியை வைத்தார்.
"செக்கை முதலாளி எடுத்துக்கொண்டான்.
இதுகளை எறிய மனசு வரவில்லை."

முந்நூற்றுப் பன்னிரண்டு கூப்பன்கள்.
ஒருவன் முகவரிக்குக் கீழே
போஸ்ட்மேனுக்கு நாய் போகும் வழி வரைந்திருக்கிறான்.
ஒருத்தி, "தம்பி பெயரில் அனுப்புங்கள், பணம் அவனுடையது."
நடுவில், அழுத்தி எழுதிக் காகிதம் கிழிந்த ஓர் இடம்:
ஸ்ட்ரூவன் கெடி, வயது பத்து, லோக்கி.
தயவுசெய்து சீக்கிறம்.
வல்லின ற போட்டாலாவது வேகமாக வருமென்று நினைத்தேனோ என்னவோ.

திருப்பினேன்.

"கைவிட்டேன். காசை மிச்சம் பிடியுங்கள்.
நூற்றுக்கு முப்பத்தெட்டு."

வாங்காதே என்ற எச்சரிக்கையை
கத்தரித்து, உறையிலிட்டு, எச்சில் தொட்டு ஒட்டி,
பணத்தோடு சேர்த்து
விற்பவனுக்கே அனுப்பியிருக்கிறோம்,
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
செங்கா பிஸ்கட்டை நனைத்தபடி,
"எனக்கு அப்போதே தெரியும்.
டீ ஆறும்வரை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன்,
யாருக்காவது மார்க் கூடியிருக்கிறதா என்று."

ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரச் சொல்லிப்
பெட்டியைக் கொடுத்தார்.
மூன்று இரவுகள் பதினான்கு ஓட்டைகளோடு உட்கார்ந்திருந்தேன்.
ஒன்பதாம் பிரதியின் ஓரம் பல்பல்லாக இருக்கும்,
எலி வேலை என்று நினைத்திருந்தேன்.
அபர்டீனிலிருந்து ஐலித் என்பவள்
தையல்காரியின் வளைபல் கத்தரியால் வெட்டிய கூப்பன்
அதில் போய், பல்லோடு பல் கடித்து உட்கார்ந்தது.
மோர்வெனை எழுப்பிக் காட்டினேன்.
அவள் கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை, விளக்கை மட்டும் கிட்ட நகர்த்தினாள்.

என்னுடையது எதிலும் பொருந்தவில்லை.
என் ஓட்டை வேறு யாருடைய அலமாரியிலோ.

இன்னொன்று. இதை மற்ற சேகரிப்பாளர்களிடம் சொன்னதில்லை:
நாற்பது வருடத்தில்
ஐந்தாம் விளக்கை
நானும் தாண்டியதில்லை.