நான்கு விரற்கடை

யெல்லிவாரேயில் நவம்பர்.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
கராஜ் கதவின் இடுக்கில் கந்தல் விரிப்பைத் திணித்தும்
குளிர் தரையோடு தரையாக ஊர்ந்து
என் முழங்காலைத் தேடி வருகிறது.

வோல்வோ, எனக்கு முன் ஐந்து பேர் ஓட்டியது.
டர்போ, பூடன் பக்கம் பனிமானில் மோதி
நொறுங்கிய வேறொரு காருடையது.
ஹென்னிங் அதை மேசைமேல் வைத்துச்
சுண்டுவிரலால் சக்கரத்தைச் சுண்டினான்.
நிற்க மறந்து சுற்றியது.
"நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவை, இங்கேலா.
அப்போது இதைத் தாங்கிப் பிடிப்பது
இரும்பில்லை.
பாலாடையைவிட மெல்லிசாய்
ஒரு தோல் எண்ணெய்."

அந்த எண்ணெய் வரும் வழிக்குத்தான்
எஃகுப் பின்னல் போட்ட குழாய்,
கோத்தன்பர்க்கிலிருந்து, தபாலில், பன்னிரண்டு நாள்.
நீளம் சொன்னது நான்.
நூல் பிடித்து அளந்தேன்,
எஞ்சின் அசையாமல் கிடந்தபோது,
இங்கிருந்து அங்கே, நேராக.

நேராக வந்தால் எட்டுகிறது.
நேராக என்றால்
புகைபோக்கிக் குழாய்க்கு ஒரு விரல் தள்ளி.
பின்னால் சுற்றி,
சூடு படாத சுவரோரம் கொண்டுபோனால்
நான்கு விரற்கடை பற்றவில்லை.

"வெப்ப உறை மாட்டிவிடு," என்றான் ஹென்னிங்.
"வெள்ளி மாதிரி மின்னும். யார் பார்க்கப் போகிறார்கள்?"
மகளின் ஹாக்கி ஆறு மணிக்கு.
போய்விட்டான்.

மாட்டினேன்.
கம்பி சுற்றிக் கட்டினேன்.
அழகாக இருந்தது, அதுதான் தொல்லை.

வாரம் மூன்று நாள்
நத்தவாராவிலிருந்து எல்வியை
டயாலிசிஸுக்கு வேனில் கூட்டி வருபவள் நான்.
எத்தனை முறை பார்த்திருப்பேன்.
நர்ஸ் ஊசியைக் குத்தியதும்
குழாயை அப்படியே விடமாட்டாள்.
ஒரு வளையம் தளர்த்தி,
வளையத்துக்கு மேல்தான் பிளாஸ்திரி.
தூக்கத்தில் எல்வி கை புரண்டாலும்
இழுபடாது.

எஞ்சினும் புரளும்.
மிதித்த மறுநொடி
ரப்பர்க் கால்களில் ஒரு பக்கம் சாயும்.
என் குழாயோ வீணைத் தந்தி.

இரவு பதினொன்று.
இரும்புத்தாது லாரிகளின் பின்னே மலைச்சாலை ஏறுகிறேன்,
மனசுக்குள்தான்.
புகைபோக்கி சிவக்கிறது.
வெள்ளி உறைக்குள்
அடுப்பில் மறந்த காப்பிபோல
எண்ணெய் சுண்டிக் கறுத்துக் கட்டியாகிறது.
வெளியே எதுவும் தெரியாது.
தெரியும்போது தோல் இருக்காது.

கழற்றினேன்.
செப்பு வாஷர்கள் ஒருமுறை நசுங்கினால் நசுங்கினதுதான்,
அவையும் குப்பைக்கு.

இறங்குகுழாயில் மட்டும் கை வைக்கவில்லை.
அது பெருவிரல் தடிமன்,
மடிப்பில்லாமல், மேடில்லாமல்,
எண்ணெய்த் தொட்டியில் நானே பற்றவைத்த வாய்க்கு
சரிந்து இறங்குகிறது.
மேலே போகிற எண்ணெயைத் தள்ள பம்ப் உண்டு.
திரும்பி வருவதைத் தள்ள யாருமில்லை,
தன் கனத்தில்தான் அது வந்தாக வேண்டும்.

இன்னொரு பன்னிரண்டு நாள்.
இம்முறை ஒரு சாண் கூடவே எழுதினேன்.
ஹென்னிங் ஒன்றும் சொல்லவில்லை.
குட்டைக் குழாயை ஆணியில் மாட்டிவிட்டு
விளக்கைப் பிடித்துக்கொண்டான்.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
எஞ்சினைச் சூடேற்றி இரண்டு மணி நேரமாகிறது.
காயில் வயரைப் பிடுங்கினோம், பற்றக்கூடாது.
இறங்குகுழாயின் அடிமுனையைக் கழற்றி
எனாமல் கோப்பையைக் கீழே வைத்தோம்.

சாவியைத் திருப்பினேன்.
வெறுமனே முக்கியது.
நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு,
மறுபடி.
கோப்பையில் ஒன்றுமில்லை.
மறுபடி.

"வருது," என்றான்.

நான் குனிந்து பார்த்தபோது
தேன் நிறத்தில் ஒரு துளி
விழலாமா என்று யோசித்துத் தொங்கியது.
விழுந்தது.
அடுத்த சுற்றில் நூலாய் இறங்கியது.

ஹென்னிங் கோப்பையை எடுத்து
மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.
எதற்கென்று அவனுக்கும் தெரியாது.
என்னிடம் நீட்டினான்.
நானும் முகர்ந்தேன்.