சுங்கத் தீர்வை

தார்த்து ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில் என் மேசை.
சிறுநீருக்கும் ரத்தத்துக்கும்
தனித்தனிப் பத்தி போட்டுக்
கணக்கு எழுதுகிறேன்.

விடியுமுன் பனியில் வழுக்கும் வேனை ஓட்டிப்போய்
மாரித்தா ஒரு வீட்டுக் கதவைத் தட்ட
எண்பது யூரோ.
குளிர்ப்பெட்டி, முத்திரை, கூரியர்,
ஜெர்மனியில் பரிசோதிக்க முந்நூற்றுப் பத்து.
காய் கால் பணம், கூலி முக்கால் பணம்.

இப்போது புதிதாக ஒரு தாள் வந்திருக்கிறது.
மேற்கையிலிருந்து நாலு பொட்டு ரத்தம்,
காய்ந்தால் போதும், தபால் உறையில் போகும்.
மலிவு என்றார்கள். மலிவுதான்.
பொட்டில் எல்லாம் தெரியாது என்று
அடிக்குறிப்பு பொடி எழுத்தில் சொல்கிறது.
மீதிக்குக் குப்பியும் வேண்டும்.
ஆக, இரண்டுக்கும் பணம்.

சென்ற ஆண்டு அறுநூற்றுப் பன்னிரண்டு சோதனை,
சிக்கியவர்கள் இருவர்.
அதில் ஒன்று இருமல் மருந்து.
"மற்றவர்கள் எல்லாம் சுத்தமா?"
அமைச்சகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள்.
மீனே இல்லையா, வலைக்கண் பெரிதா,
என் ஏட்டில் இரண்டும் ஒரே பூஜ்யம்.

மார்ச்சில்,
ஒன்பது வருடம் உறைந்துகிடந்த குப்பி ஒன்றைத் திறந்தார்கள்.
பழைய சிறுநீர், புதிய முறை.
நீச்சல் குளத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாலும்
கண்டுபிடித்துவிடுமாம்.
கண்டுபிடித்தது.
முப்பது கிலோமீட்டர் பனிச்சறுக்கில்
இரண்டாவதாக வந்தவள் பட்டியலிலிருந்து உதிர்ந்தாள்.
மூன்று இரண்டானது.
நான்கு மூன்றானது.

நான்கு என்றால் விர்வே ஓயசூ.
அந்த வசந்தத்தில்
மெழுகுக் கம்பெனி அவள் ஒப்பந்தத்தை நீட்டவில்லை.
அதற்குப் பிறகு அவளைப் பற்றி
எந்தக் கோப்பிலும் தாள் இல்லை.

வெண்கலம் சுவிட்சர்லாந்திலிருந்து
அட்டைப்பெட்டியில் வந்திருக்கிறது.
தீர்வை பதினேழு யூரோ அறுபது சென்ட்.
அவளே கட்டிவிட்டு
ரசீதை எங்களுக்கு அனுப்பியிருந்தாள்.
கூட ஒரு வரி இல்லை.
உறையின் மேல் வால்கா முகவரி மட்டும்.

எந்தப் பத்தியில் இதை எழுத?
உறைகலத்தின் ஒன்பது வருட மின்சாரத்துக்கு
என்னிடம் தலைப்பு இருக்கிறது.

வால்கா, வால்கா...
எழுந்துபோய் எரிபொருள் கோப்பை எடுத்தேன்.
தெற்கே போகும்போதெல்லாம் மாரித்தா
அந்த ஊரில்தான் டீசல் போடுவாள்.
நாற்பது லிட்டர், நாற்பத்திரண்டு,
முப்பத்தெட்டும் ஒரு காப்பியும்.
நான் சரிபார்த்து, நான் முத்திரை குத்தி,
நான் துளையிட்டுக் கோத்த சீட்டுகள்.
அடியில், மங்கிய மையில்,
நான்கு வருடமாக:
காசாளர் வி. ஓயசூ.