ஒரே சாவி

ஜனவரி. ஈசாஃப்யோர்துரில் விடியப் பதினொரு மணியாகும்.
அதுவரை திரைதான் வெளிச்சம்.

தேவாலயப் பேரேட்டைத் தட்டச்சிட்டு அனுப்பியிருந்தார் ஹால்பெரா.
வரிக்கு ஒரு பிறப்பு.
பெயர், பண்ணை, ஆண்டு, குறிப்பு,
நடுநடுவே அரைப்புள்ளி;
சில இடங்களில் அரைப்புள்ளி இல்லை,
காப்பி எடுக்கப் போய் வந்த மாதிரி ஓர் இடைவெளி.

வெட்டுவது சுலபம், ஒரு வரி நிரல்.
வெட்டியதை எதில் போடுவது?

பட்டியல் என்றால் வந்த வரிசையில் நிற்கும்,
ரொட்டிக் கடை வாசலில் போல.
ஒருத்தியைத் தேட எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும்.
திருத்த முடியாத தொகுப்பும் உண்டு;
ஹால்பெராவோ தினமும் திருத்தம் அனுப்புகிறவர்.
அகராதியை எடுத்தேன்.
பெயரும் பண்ணையும் சேர்ந்து சாவி.
கேட்ட மாத்திரத்தில் திறக்கும்.

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று வரி உள்ளே போயிற்று.
எண்ணச் சொன்னேன்:
ஆயிரத்து நூற்று ஆறு.
பிழைச் செய்தி இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

அன்றுதான் கோப்பைக் கண்ணால் படித்தேன்.

ஸ்டெய்ன்வோர் யோன்ஸ்தோத்திர்; ஹ்வம்மூர்; 1781; எட்டு நாள்
ஸ்டெய்ன்வோர் யோன்ஸ்தோத்திர்; ஹ்வம்மூர்; 1783; ஒரு குளிர்காலம்
ஸ்டெய்ன்வோர் யோன்ஸ்தோத்திர்; ஹ்வம்மூர்; 1786; மணமானவள், பிள்ளைகள் ஏழு

போன குழந்தையின் பெயரை
வந்த குழந்தைக்கு வைத்திருக்கிறார்கள்.
பெயர் வீணாக வேண்டாமென்றா, விட மனம் வராமலா,
குறிப்பில் அது இல்லை.
என் அகராதி முன்னவளை எழுப்பிவிட்டு
அதே நாற்காலியில் அடுத்தவளை உட்காரவைத்திருக்கிறது,
முப்பத்தேழு முறை.

சாவிக்கும் சாவுக்கும்
கடைசி எழுத்தில்தான் வித்தியாசம்.

"வரி எண்ணைச் சாவியாக்கு, மோதலே வராது" என்றான் தீரி,
பக்கத்து மேசையில் ஆரஞ்சு உரித்தபடி.
வராதுதான்.
ஆனால் மூன்று எண் கொடுத்தால் மூவரும் மூன்று ஊர்.
ஹ்வம்மூரில் அதற்கு மோதல் என்று பெயரில்லை.

சாவி அப்படியே இருக்கட்டும்.
திறந்தால் உள்ளே ஆள் அல்ல, ஒரு பட்டியல்.
பெயர் புதிதென்றால் காலிப் பட்டியலை முதலில் வை,
பிறகு சேர்.
ஒருத்தி மட்டுமே பிறந்த வீட்டிலும் அதே சதுர அடைப்பு,
பக்கத்தில் இடம் விட்டு.

"இனி எங்கே தொட்டாலும்
பின்னால் ஒரு பூஜ்யம் போடணும்"
தீரி முகம் சுளிக்கிறான்.

போடுகிறேன்.
இந்த மொழி பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும்.
பூஜ்யம் என்றால் மூத்தவள்.
எட்டு நாள்.