பூட்டு வெட்டி

மூன்றடி நீளம், சிவப்புக் கைப்பிடி.
பாய்லர் அறையில், பனி தள்ளும் மண்வாரிக்குப் பக்கத்தில்
ஆணியில் தொங்குகிறது.
மின்னசோட்டாவின் வட கோடியில்
நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில்
தரை துடைப்பவன் நான், கிவெலா.
பூட்டு வெட்டுகிறவனும் நான்தான்.

ஒலிபெருக்கி சொன்னது:
அவரவர் வகுப்பிலேயே இருங்கள், கதவைச் சாத்துங்கள்.
நாய் வருகிற நாள் அது என்று
ஒன்பதாம் வகுப்புக்கே தெரியும்.

நாயின் பெயர் வாஃபிள்.
பிள்ளைகள் அதைத் தடவக் கூடாது.
ஈரக் காலணி, பழைய சாண்ட்விச்,
யாரோ ஒருத்தியின் ஸ்ட்ராபெர்ரி வாசனைத் தைலம்
எல்லாவற்றையும் முகர்ந்து முகர்ந்து தாண்டி
முந்நூற்றுப் பதினேழின் முன் உட்கார்ந்தது.
உட்கார்ந்தால் உண்டு என்று பொருள்.

துணைத் தலைமையாசிரியை ஹால்வர்சன் கெட்டவர் இல்லை.
மடியில் கனம் இல்லாதவருக்கு
வழியில் என்ன பயம் என்பார்.
லாக்கர் நம் சொத்து, இரவல்தானே கொடுத்திருக்கிறோம் என்பார்.
சரிதான். தகரம் பள்ளியுடையது.
பூட்டு அவர்களுடையது, கடையில் ஆறு டாலர்.
இரண்டுக்கும் நடுவே இருக்கிற இருட்டு யாருடையது
என்று நான் கேட்டதில்லை.
எனக்கு மணிக்கணக்கில் சம்பளம்.

தவிர,
போன வருடம் நூற்று இருபத்திரண்டையும் நான்தான் வெட்டினேன்.
விளையாட்டுத் துண்டில் சுற்றியிருந்தது.
குண்டு போட்டிருந்தது.
அன்றிரவு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே
உட்கார்ந்திருந்தேன், வெகுநேரம்.
அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வெட்டினேன்.
உறைந்த ஏரி நடுச்சாமத்தில் விடுமே ஒரு சத்தம்,
அது.

வடிவியல் புத்தகம்.
ஒற்றைக் கையுறை.
கல்லாகிப்போன பாதி ஆரஞ்சு.
பின்னால், கம்பளிக் காலுறைக்குள்
பித்தளைத் தோட்டா உறைகள் மூன்று. வெற்று உறைகள்.

டெபுடி ரோஸ்காம்ப் ஒன்றை எடுத்து முகர்ந்தார்.
முன்னாள் ராணுவம். தொப்பியைக் கழற்றினார்.
“மரியாதைக்குச் சுடுவது” என்றார்,
“குழி மூடும் முன்பு.”
நாய் தன் பரிசுக்காக வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.
அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

படிவத்தில்
பொருள் என்ற இடத்தில்: தோட்டா உறைகள், 3.
விளக்கம் என்ற இடத்தில் ஓர் அங்குல வெள்ளை.
ஹால்வர்சனின் பேனா அங்கேயே நின்றது.

மேரன் வோடிச்கா.
கோடையில்தான் நெப்ராஸ்காவிலிருந்து வந்தாள்,
அத்தை வீட்டில் இருக்கிறாள், கடைசி பெஞ்சு.
மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள்
பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது
அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது.
பயிற்சியில் வண்டி கவிழ்ந்ததாம்.
போர்கூட இல்லையாம்.
இதையும் யாரோ சேர்த்துச் சொன்னார்கள்.

அவள் யாரிடமும் சொல்லாமல் வந்த ஊர் இது.
ஆறு மாதம்
ஒருவரும் தலையைச் சாய்த்து
‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்காத ஊர்.
அதைத்தான் வெட்டியிருக்கிறேன் போல.

உறைகளைக் காகித உறையில் போட்டு
ஸ்டேப்பிள் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.
மன்னிப்புக் கடிதம் ஒன்று, அத்தையின் பெயருக்கு.
புதுப் பூட்டு ஒன்று, பள்ளிச் செலவில்.
பூட்டை அவள் வாங்கவில்லை.
“வேண்டாம்” என்றாள், “இப்போது காலிதானே.”

ஏப்ரல் ஆகிவிட்டது. பனி கரைந்து வாசலெல்லாம் சேறு.
மாலையில் துடைக்கும்போது
முந்நூற்றுப் பதினேழு பாதி திறந்து கிடக்கிறது.
சாத்திவிட்டுப் போகிறேன்.
மறுநாள் மாலை திறந்தே கிடக்கிறது.

வெட்டிய பூட்டு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.
குப்பையில் போடலாம், போடவில்லை.
அந்த இழுப்பறையை
இதுவரை யாரும் சோதித்ததில்லை.